பிறக்கெற் அக்காவும் ஐந்தாவது குரலும்

திறந்த அடைப்புக்குறியை மூடாமல் விட்ட ஒருவரையும் பிறக்கெற் அக்கா தன் வாழ்நாளில் மன்னித்ததில்லை. கொலை செய்துவிட்டு வந்தவனுக்குக்கூட ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொல்வார். ஒரு பிறக்கெற்றைத் திறந்துவிட்டு மூடாமல் எழும்பிப் போனவனுக்கு மன்னார்த் தீவில் நிற்க இடமில்லை. அவன் பாலத்தைத் தாண்டி உயிலங்குளம் பக்கம் குடிபோய்விடுவதுதான் நல்லது.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. ஆனால் மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கி அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அங்கே காலாகாலமாக நிற்கிற கழுதைகள்கூடத் திரும்பிப் பார்க்காது. பிறக்கெற் அக்கா என்று கேட்டால் கழுதையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்.

கிழமை நாட்களில் அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாமசியில் மருந்து கொடுப்பார். சனிக்கிழமை பின்னேரங்களில், தீவின் தெற்குக் கரையில் காற்றாலைகளின் காலடியில் இருந்த ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுவை நடத்துவார். இரண்டு இடத்திலும் சட்டம் ஒன்றுதான். எங்கள் பங்கு ஃபாதர் ஒருநாள் தலையிடி தாங்காமல் பாமசிக்குப் போனார்.

“அக்கா, ரெண்டு குளிசை தாங்கோ.”

“துண்டு?”

“தலையிடிக் குளிசைக்கும் டொக்டரின்ர துண்டோ?”

“பூசை முடிஞ்ச பிறகு வாற ஆக்களுக்கு நீங்கள் நற்கருணை குடுக்கிறனீங்களோ, ஃபாதர்?”

ஃபாதர் தலையிடியோடு திரும்பி வந்து அன்றைய பிரசங்கத்தை ஐந்து நிமிடத்தில் முடித்தார். ஊரே அக்காவை வாழ்த்தியது.

நான் அப்போது ஒரு காற்றாலைக் கம்பனியில் வேலை. எந்த விசிறி எத்தனை மணிக்குச் சுற்றியது, எத்தனை மணிக்கு நின்றது என்று பதிந்து வைப்பது என் தொழில். ஊருக்குப் புதிது. கதைக்க ஆளில்லை. வாயைத் திறந்தால் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஒரு சத்தம் வரும். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. என்னைப் பேஸ் என்ற அடிக்குரலில் சேர்த்து, ஆண்களில் மேல்குரல் பாடும் ரெனர்காரருக்குப் பக்கத்தில் சுவரோரமாக நிறுத்திவிட்டார்.

கோயிலில் இரண்டு கீபோட் இருந்தன. இரண்டையும் உப்புக் காற்றுத் தின்றுவிட்டது. அக்கா ஒரு சின்ன ஊதுகுழலில் சுருதி ஊதிக் காட்டுவார். நாங்கள் வாத்தியம் இல்லாமல் நாலு குரலில் பாடுவோம். எத்தனை சரணம் பாடினாலும் சுருதி மயிரிழைகூட இறங்காது. மற்றக் கோயில் பாடகர்கள் இதைக் கேட்டு வயிறெரிந்தார்கள். அது எங்கள் திறமை என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

பாட்டுகளை அக்கா மடிக்கணினியில் வெறும் எழுத்தாகத் தட்டுவார். ஸ்வரத்துக்கு ஒரு எழுத்து, அதன் நீளத்துக்கு ஓர் இலக்கம். கடிதம் தட்டுவதுபோல் தட்டிக் கொடுத்தால் ஒரு மென்பொருள் அதை வாசித்து, ஐந்து கோட்டு இசைத்தாளாக மாற்றித் தரும். அது பொல்லாத கண்டிப்புக்காரன். முதலில் தலைப்பு வரவேண்டும். பிறகு ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பெயர், ஒரு பிறக்கெற், அதற்குள் அந்தக் குரலின் ஸ்வரங்கள். கடைசியில் ஒரு பட்டியல், இன்னின்ன குரல்கள் சேர்ந்து பாடும் என்று. பட்டியலில் பெயர் இல்லாத குரல் தாளில் வராது. ஒரு பிறக்கெற் குறைந்தால் தாளே வராது. பிரம்போடு நிற்கும் பழைய காலத்து வாத்தியாரின் ஞாபகத்தில் அதற்குச் ‘சட்டம்பியார்’ என்று பெயர் வைத்திருந்தோம்.

எங்கள் ரெனர் ஜெயசீலன், முருங்கன் ஆலையிலிருந்து அரிசி ஏற்றி வரும் லொறிச் சாரதி. நல்ல மனம் கொண்டவன். அக்காவுக்கு உதவி செய்யப்போய் ஒரு பாட்டைத் தட்டிக் கொடுத்தான். சட்டம்பியார் அச்சடிக்க மாட்டேன் என்றுவிட்டார். ஒரு பிறக்கெற் குறைகிறது. அக்கா அன்றைய பாட்டையே நிறுத்திவிட்டு அவனை மடிக்கணினிக்கு முன்னால் இருத்தினார்.

“ஒரு பிறக்கெற்தானே அக்கா. அதுவாப் பாத்துப் போட்டுக்கொள்ளாதோ?”

“லொறியின்ர பின்கதவைச் சாத்தாமல் முருங்கனில இருந்து வாறனீங்களோ?”

“அரிசி கொட்டிப்போடுமெல்லோ.”

“அரிசி கொட்டினா அள்ளலாம். இதைத் திறந்து விட்டா வெளியில இருந்து என்ன ஏறும் எண்டு ஆருக்குத் தெரியும்?”

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ரெனர்காரருக்குப் பின்னால் இருந்த சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஊதுகுழலைப் பையில் வைத்தார்.

அந்தச் சுவர் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்கு நாங்கள் பாடத் தொடங்கினால், மணற்பக்கமிருந்து ஏழெட்டுக் கழுதைகள் வந்து அந்தச் சுவரின் வெளிப்புறத்தில் வரிசையாக நிற்கும். மேயாது, கத்தாது. காதைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு அப்படியே நிற்கும். பாட்டு முடிந்தால் போய்விடும். தன் குரலுக்கு வந்த ரசிகர்கள் என்று ஜெயசீலன் பெருமைப்பட்டுக்கொள்வான்.

உப்புக் காற்று அடுத்ததாக மடிக்கணினியைத் தின்னத் தொடங்கியபோது, கோப்புகளைப் பிரதி எடுத்துத் தரும்படி அக்கா என்னைப் பாமசிக்குக் கூப்பிட்டார். ஒரு கோப்பைத் திறந்தேன். ஒழுங்கென்றால் அப்படி ஓர் ஒழுங்கு. பெண்களின் சொப்பிரானோ, அல்ரோ, ஆண்களின் ரெனர், பேஸ், ஒவ்வொன்றும் தன் பிறக்கெற்றுக்குள். அதற்குக் கீழே பட்டியல். பட்டியலுக்கும் கீழே, எல்லாம் முடிந்த இடத்தில், தனியாக இன்னொரு பிறக்கெற். ‘மற்றவர்’ என்று பெயர் போட்டிருந்தது. உள்ளே ஸ்வரங்கள். அடுத்த கோப்பைத் திறந்தேன். அதிலும் மற்றவர். எல்லாக் கோப்பிலும் மற்றவர்.

“அக்கா, இதில அஞ்சு குரல் கிடக்கு.”

“ஓம்.”

“நாங்கள் நாலுதானே பாடுறம்?”

“நீங்கள் நாலு பாடுறீங்கள்.”

“அப்ப இந்த மற்றவர் ஆர்?”

“ரெனருக்குப் பின்னால நிண்டு பாடுறவர்.”

“ரெனருக்குப் பின்னால சுவரெல்லோ அக்கா?”

“ஓம்,” என்றார் அக்கா, ஒரு மருந்துப் போத்தலின் மூடியை இறுக்கிக்கொண்டே. “சுவருக்குள்ளயோ, அங்கால் பக்கமோ எண்டு நான் பாக்கேல்ல.”

பிறகு, குளிசையை எத்தனை வேளை போடவேண்டும் என்று சொல்லும் அதே குரலில் சொன்னார். அவர் பாடகர் குழுவுக்கு வந்த முதல் நாளே மற்றவர் அங்கே இருந்தாராம். இருபது வருடத்துக்கு மேல். வாயை மூடிக்கொண்டுதான் பாடுவார். எப்போதும் அரை மூச்சுப் பிந்துவார். கணினி வருமுன் அவருடைய பாட்டை அக்கா கொப்பியில் எழுதி வைத்தாராம்.

“பேர் கேக்கேல்லையோ?”

“கேட்டாச் சொல்லிப்போடுவார். பிறகு?”

நான் அடுத்த கோப்பைப் பிரதி எடுத்தேன்.

“பாடினதை எழுதாமல் விடேலாது, தம்பி. பேர் தராத ஆளைப் பட்டியலில போடவும் ஏலாது. அதுதான் வெளியில எழுதி வைச்சிருக்கிறன்.”

“அது காத்தாலை இரையிற சத்தம் அக்கா.”

“காத்தாலை நேற்று வந்தது,” என்றார் அக்கா. “அவர் முந்தியே நிக்கிறார்.”

நான் காற்றைப் பதிந்து சம்பளம் வாங்குகிறவன். இதை விடுவேனா? காத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானத்தோடு காற்று விழுந்தது. கடல் எண்ணெய்போல் கிடந்தது. விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மூன்றரைக்கு எல்லாம் நின்றுவிட்டதை நானே பதிந்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பாட்டுத் தொடங்கியதும் நான் பாடவில்லை. வாயை மட்டும் அசைத்தேன்.

முதலாம் சரணம் முழுக்க ஒன்றுமில்லை. இரண்டாவதில், ஜெயசீலனின் குரலுக்குச் சற்றுக் கீழே, வேறொன்று இருந்தது. எப்போதிருந்தோ இருந்திருக்கவேண்டும். நான்தான் அப்போது பிரித்துக் கேட்டேன். மூடிய வாய்க்குள் இருந்து வரும் ஆண் குரல். எங்களைவிட அரை மூச்சுப் பிந்தி. சரணம் முடிந்து எல்லோரும் மூச்செடுத்தோம். அது அடங்கியபின், என் தோளுக்குப் பின்னால், சுவர் இருக்கிற இடத்தில், இன்னொரு ஆளும் மூச்செடுத்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதினால் உங்களுக்கு நல்லாயிருக்கும். ஆனால் பார்க்கவில்லை. அடுத்த நாள் அந்தப் பாட்டின் கோப்பைத் திறந்து மற்றவரின் பிறக்கெற்றை வாசித்தேன். நான் கேட்டது அப்படியே, ஸ்வரத்துக்கு ஸ்வரம் அங்கே கிடந்தது. கம்பனிப் பதிவேட்டில் ‘காற்று இல்லை’ என்று எழுதியிருந்தேன். அதற்குமேல் என்ன எழுதுவது? அன்றிலிருந்து நான் சுவரில் சாய்வதை விட்டேன். ஒரு மரியாதைக்கு.

இனி நான் செய்த பாவம்.

அந்த வருடத் திருநாளுக்கு முருங்கன் பாடகர் குழுவும் வந்து எங்களோடு சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. ஒன்பது பாட்டு. மூன்றே கிழமை. ஃபாதர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, அக்கா ஒரு பாட்டில நாலு நாளா ஒரு பிறக்கெற்றைத் தேடிக்கொண்டிருக்கிறா. இன்னும் எட்டுக் கிடக்கு. முப்பது பேர் பஸ் பிடிச்சு வருகினம். அவையின்ர கையில என்னத்தக் குடுக்கிறது?”

வேறொரு மென்பொருள் இருப்பது எனக்குத் தெரியும். சட்டம்பியாருக்கு நேர் எதிர். தலைப்பு இல்லையா, பரவாயில்லை மச்சான். பிறக்கெற் குறையுதா, நானே போட்டுக்கொள்ளுறன் மச்சான். பட்டியல் எதுக்கு மச்சான், கண்ணில படுற குரலெல்லாம் பாடட்டும். அப்படிப்பட்ட சாதி. அதற்கு நான் வைத்த பெயரும் மச்சான்தான். அக்காவிடம் சொல்லாமல் அவருடைய கோப்புகளை அள்ளி மச்சானிடம் கொடுத்தேன். ஒன்பது பாட்டும் ஒரே பின்னேரத்தில் தயார். திறந்துகூடப் பார்க்காமல் மன்னார் ரவுணில் ஓர் அச்சுக் கடைக்கு அனுப்பினேன். சனிக்கிழமை ஜெயசீலன் வரும் வழியில் லொறியில் எடுத்து வந்து, நேரே எல்லோருடைய கையிலும் கொடுத்துவிட்டான்.

தாளைப் பார்த்தேன். ஐந்து குரல். கீழே ஐந்தாவதாக, அழகான எழுத்தில், ‘மற்றவர்’.

நான் வாய் திறக்குமுன் ஃபாதர் பூரித்துப்போனார். “இது நல்ல யோசினை! பிந்தி வந்து சேர்ந்த ஆக்கள், குரல் பிரிக்காத ஆக்கள், மற்றவை எல்லாரும் பாடுறதுக்கு அக்கா தனியா ஒரு வரி எழுதியிருக்கிறா. ஜெயசீலன், நீரும் இதில நில்லும். நானும் பாடுறன்.”

அக்கா அன்று ஓர் அவசரத்துக்குப் பாமசிக்குப் போய், மினக்கெட்டு இன்னும் வந்து சேரவில்லை. ஃபாதரே கையைத் தூக்கித் தாளம் போட்டார். ஐந்து ஆண்கள் அந்த வரியைத் திறந்த வாயால், கணீரென்று, பிந்தாமல் பாடினார்கள். சொல்லக்கூடாது, அருமையாக இருந்தது. கோயில் நிறைந்தது. நான் பாடவில்லை. பின்னுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். சுவர் சுவராக இருந்தது. யன்னலுக்கு வெளியே கழுதைகள் காதுகளை அசைத்தன. ஒன்று திரும்பி நடந்தது. பிறகு எல்லாம் அதன் பின்னால் போயின, பாட்டின் நடுவிலேயே.

பாட்டு முடிந்தபோது வாசலில் அக்கா நின்றார். தலைக்கவசம்கூடக் கழற்றவில்லை. எங்களைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் தலையைச் சரித்துக் கனநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

“ஆர் இதை அச்சடிச்சது?”

“நான்தான் அக்கா.”

“எதில?”

சொன்னேன். அக்கா ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோருடைய கையிலிருந்தும் தாள்களை வாங்கி, விளிம்பைத் தட்டி நேராக்கி, பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை பழைய நாலு குரல் தாளோடு பாடினோம். முதலாம் சரணம் சரி. இரண்டாவதில் ஏதோ வழுக்கியது. மூன்றாவதில் நான் உறுமிக்கொண்டிருந்தேன். சொப்பிரானோக்கள் அல்ரோவின் இடத்தில் நின்றார்கள். அக்கா ஊதுகுழலை ஊதினார். முழுதாக ஒரு ஸ்வரம் இறங்கியிருந்தது. திரும்பப் பாடினோம். திரும்ப இறங்கியது.

“இன்னொரு சரணம் பாடினா கடலுக்குள்ள இறங்கிடுவம்,” என்றான் ஜெயசீலன். ஒருவரும் சிரிக்கவில்லை. கழுதைகளும் வரவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் கோயில் அமைதியாக இருந்தது. ஒருவர் இருந்துகொண்டே கதைக்காமல் விட்டால் வீட்டில் ஓர் அமைதி வருமே, அது. அல்ரோவில் பாடிய ஒரு பெண், அந்தச் சுவரோரம் நின்றால் யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது என்று சொல்லி இடம் மாறி நின்றாள். அவளுக்கு மற்றவர் பற்றி ஒன்றும் தெரியாது.

திங்கட்கிழமை பாமசிக்குப் போனேன். அக்கா குளிசைகளை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, தெரியாமல் செய்துபோட்டன்.”

“தெரியும்.” உறையை மடித்தார். “நான் ஏன் அவரைப் பட்டியலுக்கு வெளியில வைச்சனான் எண்டு நினைக்கிறீங்கள்? பேர் இல்லாததால மட்டுமில்ல. பட்டியலில இருந்தா அந்த வரியை ஆரும் வந்து பாடலாம். வெளியில இருந்தா அது அவருக்கு மட்டும். சட்டம்பியாரிட்ட வெளி எண்டு ஒண்டு இருக்கு. அங்க ஒராளை வைச்சா அவர் அங்க இருப்பார். உங்கட மச்சானுக்கு வெளியே இல்ல, தம்பி. எல்லாத்தையும் உள்ளுக்கு இழுத்துப்போடும்.”

அடுத்த உறையை எடுத்தார்.

“இவ்வளவு காலமும் எங்களைத் தாங்கிக்கொண்டு நிண்டவர். அவற்ற பாட்டை அஞ்சு பேர் சேந்து அவருக்கு முன்னால சத்தமாப் பாடினா, அந்த மனிசன் அங்க எதுக்கு நிக்கிறது?”

அதைச் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. எனக்கு அது மற்றவரின் மூச்சைக் கேட்டதைவிடப் பயமாக இருந்தது. அக்கா அழக்கூடியவர் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

திருநாளுக்கு முதல் சனிக்கிழமை அக்கா புதிய தாள்களோடு வந்தார். ஒன்பது பாட்டும் சட்டம்பியாரில். எத்தனை நாள் கண் விழித்தாரோ. தாளில் ஐந்து வரி இருந்தது. பட்டியலுக்குள்ளேயே, மற்றவர் என்று பெயர் போட்டு. ஆனால் அந்த வரியில் ஒரு ஸ்வரம்கூட இல்லை. முதற் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை, பாடாமல் நிற்கச் சொல்லும் ஓய்வுக் குறிகள் மட்டும்.

“இந்த வரியில ஒருத்தரும் வாய் திறக்கப்படாது,” என்றார்.

“அப்ப இந்த வரி ஏன் அக்கா?” என்றார் ஃபாதர்.

“இடம் இருக்கெண்டு தெரியத்தான்.”

ஃபாதர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்று எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. ஆனால் பாடியபோது அன்றும் சுருதி இறங்கியது. பின்னால் அக்கா என்னிடம் சொன்னார், ‘இந்தக் குரலில் ஒன்றும் இல்லை’ என்று ஒவ்வொரு பாட்டுக்கும் சட்டம்பியார் எச்சரிக்கை விட்டாராம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எச்சரிக்கையைப் பார்த்து, “கிடக்கட்டும் போ” என்றுவிட்டாராம்.

திருநாளுக்கு அடுத்த நாள் நான் கொழும்புக்கு மாற்றலாகிப் போவதாக இருந்தது. அதனால் எனக்கு இதுதான் கடைசிப் பாட்டு. கோயில் கொள்ளாத சனம். வெளியே ஒலிபெருக்கி, வெடிச்சத்தம். கழுதைகளைத் தொண்டர்கள் காலையிலேயே விரட்டிவிட்டார்கள். காற்று முழு மூச்சாக அடித்தது. விசிறி எல்லாம் சுற்றின. முருங்கன்காரர் முப்பது பேரும் தங்கள் தாளில் இருந்த வெறும் வரியைப் பார்த்து ஒருவருக்கொருவர் புருவத்தை உயர்த்தினார்கள். அக்கா முன்னால், சனத்தின் பக்கம், எங்களுக்கு எதிரே நின்று கையைத் தூக்கினார். நான் வழக்கம்போல் சுவரோரம்.

பாடினோம். முதலாம் சரணம். இரண்டாம் சரணம். மூன்றாம் சரணத்தில், போன கிழமைகளில் இறங்கிய இடம் வந்தது. அக்காவின் பார்வை எங்களைத் தாண்டிச் சுவருக்குப் போனது. சுருதி நின்றது. கடைசிச் சரணம் வரை அசையாமல் நின்றது. முருங்கன்காரர் நல்ல பாட்டுக்காரர், அவர்கள் தாங்கியிருக்கலாம். நான் முதுகெல்லாம் காதாக நின்றேன். வெடி, ஒலிபெருக்கி, அறுபது குரல், காற்று. அதற்குள் பின்னால் யாராவது நின்றாரா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

பூசை முடிந்து சனம் கலைந்ததும் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். முன்னால் நின்ற அவருக்கு ஒலிபெருக்கி இரைச்சலில் ஒன்றும் கேட்டிருக்காது. சுவருக்கு மிகக் கிட்ட நின்றவன் நான்தான்.

“வந்தவரோ?” என்று கேட்டார். சத்தம் வெளியே வரவில்லை. வாய்தான் அசைந்தது.

“ஓம் அக்கா.”

“எப்ப?”

“ரெண்டாம் சரணத்தில. கொஞ்சம் பிந்தித்தான்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். பிறகு என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தார்.

எனக்குப் பொய் சொல்ல வராது. அந்த மனிசிக்காக அன்றைக்கு மட்டும் வந்தது.